காலிப்பரை மாற்றுமுன்

கேள்வி:

எங்கள் வீட்டில் 1994 மாடல் கான்டெசா கிளாசிக் 1.8 ஜி.எல். ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய பெரியப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு என் பொறுப்பில் நிற்கிறது. வீடு மண்டபத்தூரில், கடலுக்கு நடந்துபோகிற தூரம். மாதத்துக்கு ஓரிரு முறை காரைக்காலுக்கோ திருநள்ளாறுக்கோ எடுப்பதோடு சரி.

இப்போது இடது முன்சக்கரம் சிக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே வீல் கப்பில் கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இத்தனைக்கும் போன வருஷம்தான் புது சீல் கிட் போட்டோம். "ரெண்டு காலிப்பரும் போச்சு சார், இதுக்கெல்லாம் இனிமே சாமான் வராது. புது ஜீப் காலிப்பரைப் பிராக்கெட் அடிச்சு மாட்டிரலாம், பிரேக்கும் இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்கிறார் மெக்கானிக். பாரிஸில் இருக்கும் அண்ணன் (பெரியப்பா மகன்), "கான்டெசா வாக்ஸ்ஹால்தானே, இங்கிலாந்திலிருந்து காலிப்பர் வாங்கி அனுப்புகிறேன்" என்கிறார். சென்னை நண்பரோ, புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? பிரேக் ஆயிலைச் சிலிகான் வகைக்கு மாற்றினால் துருவே பிடிக்காது என்கிறார்களே, அது உண்மையா?

— வாசகர், மண்டபத்தூர், காரைக்கால்

பதில்:

முதலில் ஒரு வேண்டுகோள். இதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள். சக்கரம் சூடாவது பேட் தேய்வதோடு நிற்கிற விஷயம் இல்லை. காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆயில் அழுத்தத்துக்கு அசையாது, ஆவி அமுங்கிக் கொடுக்கும். அப்புறம் பெடலை மிதித்தால் அது நேராகத் தரைக்குப் போகும், வண்டி போகிற இடத்துக்குப் போகும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் ஈரத்தைக் குடித்துவிட்டால் 140 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. மண்டபத்தூர்க் காற்றில் நிற்கும் வண்டியின் ஆயில் அந்த ஈரத்தைக் குடிக்க அதிக நாள் ஆகாது.

உங்கள் மெக்கானிக் "ரெண்டு காலிப்பரும் போச்சு" என்று சொன்னதை நான் இப்போதைக்கு ஏற்கவில்லை. அவர் பார்த்தது சூட்டை. சக்கரம் சிக்குவதற்குக் காலிப்பர் ஒரு காரணம்தான், வேறு சந்தேக நபர்களும் உண்டு. பிடித்து விசாரிக்க அரை மணி நேரமும் ஒரு ஸ்பேனரும் போதும்.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்து விடட்டும். இடது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிக்கும். இப்போது காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து, சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். காலிப்பர் பாவம், அதன்மேல் குற்றம் இல்லை. நிப்பிளை மூடி மறுபடி மிதித்துவிட்டு, ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேருகிற நட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, நிப்பிளில் மட்டும்தான் விடுகிறது என்றால் அடைப்பு நடுவில் இருக்கும் ஹோஸில். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாகவே இருக்கும். உள்ளே ரப்பர் வீங்கி வழி குறுகியிருக்கும். காலின் பலம் ஆயிலை உள்ளே தள்ளிவிடுகிறது, திரும்பி வருவதற்கு அந்தப் பலம் இல்லை. 1994-இல் வந்த ஹோஸே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சோதனை எதைச் சொன்னாலும் அதைத் தூக்கி எறியுங்கள்.

இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து சிக்கி, குழாய் நட்டைத் தளர்த்தியதும் விட்டால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலுக்கு நுனியில் கொஞ்சமாவது சும்மா ஆடுகிற இடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், பெடலிலிருந்து கால் எடுத்த பிறகும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும்.

நிப்பிளைத் திறந்தும் ஆயில் வேகமாக வரவில்லை, சக்கரமும் விடவில்லை என்றால்தான் காலிப்பர் மீது வழக்கு.

இன்னொன்று. சூடாவதும் இடது, இழுப்பதும் இடது என்பதால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரேக் போடும்போது வண்டி நன்றாகப் பிடிக்கிற பக்கம்தான் இழுக்கும். வலது காலிப்பரின் பிஸ்டன் துருவில் இறுகி அசையாமல் கிடந்தாலும் வண்டி இடது பக்கம்தான் போகும். இரண்டு பக்கத்தையும் சோதிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

போன வருஷம் கிட் போட்டும் ஏன் சிக்குகிறது? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான், ஏனென்றால் நோய் இருக்கும் இடத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது. காலிப்பருக்குள் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் பிடியை விடாமல் கொஞ்சம் வளைகிறது. அழுத்தம் போனதும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்குக்கும் இடைவெளி. இப்போது கவனியுங்கள்: சீல் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் அடியில் துரு படர்ந்தால் என்ன ஆகும்? பள்ளத்தின் ஆழம் குறையும், சீல் மேலே எழும்பும், பிஸ்டனின் கழுத்தை நெரிக்கும். பள்ளத்தைச் சுரண்டாமல் புது சீலைத் திணித்தால் நெரிப்பு இன்னும் கூடும், ஏனென்றால் புது ரப்பர் தடிமன். நிறையப் பட்டறைகளில் பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டு சீலைப் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

கூடவே பிஸ்டன். பழைய காலிப்பர் பிஸ்டன்கள் பெரும்பாலும் இரும்பின்மேல் குரோம் பூச்சு. பூச்சில் ஒரு ஊசிமுனைத் துளை விழுந்தால் போதும், உப்புக் காற்று அடியில் நுழைந்து பூச்சையே பெயர்த்துவிடும். வெளித்தூசி ரப்பர் கிழிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இது இன்னும் வேகமாக வரும். தினமும் ஓடுகிற டாக்ஸியின் காலிப்பர் தேய்ந்து போகும். மாதம் இருமுறை எடுக்கிற வீட்டு வண்டியின் காலிப்பர் துருப்பிடித்துச் சாகும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு, உங்களுக்கு வந்திருக்கும் மூன்று யோசனைகளிலும் இல்லாத நான்காவது. உங்கள் வண்டியின் சொந்தக் காலிப்பர்களையே கழற்றி, பள்ளத்தைச் சுத்தம் செய்து, பிஸ்டனை மட்டும் எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புதிதாகக் கடைந்து, புது சீல், புது ஹோஸ் போட்டு மாட்டுங்கள். காலிப்பரின் உடம்பு தடித்த வார்ப்பிரும்பு. அது விரிசல் விட்டாலோ, நிப்பிள் துளையின் மரை பிய்ந்து போனாலோ, சீல் பள்ளத்தின் ஓரம் அரித்துச் சிதைந்தாலோ தவிர, எளிதில் சாகாது. முப்பது வருஷ வண்டிக்குக் "காலிப்பர் போச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பிஸ்டனும் ரப்பரும் போனதுதான்.

மற்ற மூன்றையும் ஏன் தள்ளுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஜீப் காலிப்பர் யோசனையைத்தான் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது.

பெரிய காலிப்பர் போட்டால் பிரேக் பலமாகும் என்பது பாதி உண்மை. டிஸ்கை நெரிக்கும் விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கணக்குக்கு, 48 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 54 மி.மீ. பிஸ்டன் வந்தால் பரப்பு 18.1 சதுர செ.மீ.யிலிருந்து 22.9 ஆகிறது, அதாவது சுமார் 27 சதவீதம் கூடுதல். விசை கூடும், சரி. ஆனால் அந்தப் பிஸ்டனை அதே தூரம் நகர்த்த 27 சதவீதம் கூடுதல் ஆயிலும் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான். எனவே பெடல் இன்னும் கீழே போகும். பின்சக்கரத்தில் இருப்பதோ பழைய டிரம். முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி எஞ்சினியர் பார்த்துப் பார்த்துப் பங்கிட்ட விகிதம் இங்கே குலைந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் நனைந்த தார் ரோட்டில் சட்டென்று மிதித்தீர்களானால் முன்சக்கரம் இரண்டும் முதலில் இறுகி வழுக்கும். இறுகிய முன்சக்கரத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை, காப்பாற்ற ஆள் இல்லை.

பிராக்கெட் வேறு இருக்கிறது. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் காலிப்பரைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடுங்கி எறியப் பார்க்கும் விசை முழுவதையும் அந்தத் தகடும் அதன் போல்ட்டுகளும்தான் தாங்க வேண்டும். வெல்டிங் வைத்த பிராக்கெட் அங்கே வேலைக்கு ஆகாது. டிஸ்கின் நடுக்கோட்டுக்குக் காலிப்பர் ஒரு மி.மீ. சாய்ந்தாலும் பேட் கோணலாகத் தேயும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே ஆய்வாளர் குனிந்து பார்த்தால் உங்களிடம் பதில் இருக்காது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் குனிந்து பார்ப்பார்.

அண்ணன் சொல்வதில் சரித்திரம் சரி. 1976 முதல் 1978 வரை இங்கிலாந்தில் விற்ற வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். வண்டியின் அச்சுகளை வாங்கித்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் 1984-இல் கான்டெசாவைத் தொடங்கியது. முதலில் அம்பாசிடரின் எஞ்சின், பிறகு 1.8 லிட்டர் இசுசு. 2002 வரை வந்தது. ஆனால் உடம்பு ஒன்றுதான் என்பதால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானும் ஒன்றாகிவிடாது. பல வருஷம் உள்நாட்டு சப்ளையர்களிடம் வாங்கிப் பூட்டிய வண்டியில், வாக்ஸ்ஹால் காலிப்பர் அப்படியே உட்காரும் என்று நம்பிக் காசை அனுப்பாதீர்கள். பழைய காலிப்பரின் உடம்பில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எழுத்தும் எண்ணும், பிஸ்டன் விட்டம், பொருத்தும் இரண்டு போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் தூரம், டிஸ்கின் தடிமன், பேடின் வடிவம் ஆகிய எல்லாம் ஒத்துப்போன பிறகே அண்ணனுக்குச் சரி சொல்லுங்கள். ஒத்துப்போனால் அது நல்ல வழிதான், கஸ்டம்ஸ் செலவு தனி.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள், அவர் இருக்கும் ஊருக்கு இந்த விஷயத்தில் தனிப் பெருமை உண்டு. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-இலேயே காப்புரிமை வாங்கினார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆயிரக்கணக்கில் செய்து சாதாரண ஜனங்களுக்கு விற்ற காரில் அதைக் கொண்டுவந்தது 1955 பாரிஸ் கண்காட்சியில் வெளியான சித்ரோயன் டி.எஸ். நம் ஊரில் அம்பாசிடரும் பத்மினியும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடின. டிஸ்கோடு வந்த உங்கள் கான்டெசா அந்த நாளில் பெரிய மனுஷன் வண்டி.

புதுப்பேட்டைச் சாமானை நான் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் அங்கே வாங்குவது உடம்பை மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் குப்பை. உங்கள் காலிப்பரில் ஒன்று விரிசல் விட்டிருந்தால் மட்டும் போங்கள். கையில் எடுத்ததும் முதலில் நிப்பிள் திறக்கிறதா பாருங்கள். ஒடிந்த நிப்பிளை ட்ரில் போட்டு எடுத்த காலிப்பர், வெல்டிங் தடம் தெரிகிற காலிப்பர், கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளக்கிற காலிப்பர், மூன்றும் வேண்டாம். புதிய சாமான் என்று அட்டைப்பெட்டியில் வருவதைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரிக்கலாம். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

எந்த வழியில் போனாலும் மரை விஷயத்தில் ஏமாறாதீர்கள். பிரேக் குழாய் நட்டுகளில் 3/8 அங்குல யு.என்.எஃப். என்று ஒரு மரை, எம்10-க்கு 1 என்று இன்னொரு மரை. முதலாவதன் விட்டம் 9.5 மி.மீ., இரண்டாவது 10. மரையின் நெருக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் அழகாகப் போகும், கடைசியில் இறுகுவது போலவும் தோன்றும், லீக்கும் தெரியாது. ஒரு நாள் அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு வண்டிச் சாமானைக் கலக்கிற எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. ஜீப் காலிப்பருக்கு எதிராக எனக்கு இருக்கும் இன்னொரு காரணமும் இதுதான்.

இனி வேலை. உங்கள் காலிப்பர் எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். டிஸ்கின் இரு பக்கமும் பிஸ்டன் இருந்தால் நிலையான வகை; ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து உடம்பு முழுதும் பக்கவாட்டில் நகர்ந்தால் மிதக்கும் வகை. மிதக்கும் வகையில் பிஸ்டன் நன்றாக இருந்தாலும், நகரும் பின்களில் துரு பிடித்தால் ஒரு பேட் மட்டும் தேய்ந்து சக்கரம் சிக்கும். பின்களைச் சுத்தம் செய்து அதற்கென்று விற்கும் கிரீஸ் போட்டாலே பாதி வியாதி தீரும். நிலையான வகையில் இரண்டு பாதிகளைச் சேர்த்திருக்கும் பெரிய போல்ட்டுகளை எக்காரணம் கொண்டும் பிரிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் இருக்கும் சின்ன சீலும், அந்த போல்ட்டுக்கு உரிய முறுக்கு அளவும் கையில் இல்லாமல் பிரித்தால் சேர்ப்பது சூதாட்டம்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரஸர் காற்று அடிப்பது பட்டறை வழக்கம். அது துப்பாக்கி மாதிரி வெளியே பாயும், விரலை நசுக்கும். வண்டியிலேயே ஹோஸ் மாட்டியபடி, எதிரே மரக்கட்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்து வெளியே தள்ளுவதே நல்லது. சுத்தம் செய்யப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் கூடாது. பிரேக் சீல் ரப்பர் இவை பட்டால் ஊதிப் போகும். புதிய பிரேக் ஆயில் அல்லது ஸ்பிரிட் போதும். சாதாரண கிரீஸும் அதே விஷம்தான், சிவப்பு ரப்பர் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

சீல் பள்ளத்தை வளைந்த மென்மையான கருவியால், ஓரம் சிராய்க்காமல், அடி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். பொறுமை இல்லாத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பிஸ்டனை எங்கே கடைவது? கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் கடற்கரையில் விசைப்படகு ஷாஃப்ட் வேலை பார்க்கிற லேத்துக்காரர்களுக்கு எஸ்.எஸ். புதிதல்ல. 316 ரகம் கேளுங்கள், உப்பை அது 304-ஐவிட நன்றாகத் தாங்கும். பழைய பிஸ்டனில் துரு படாத இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, நூறில் ஒரு மி.மீ. சுத்தமாக அதே அளவுக்கு வர வேண்டும். பெரியதானால் இறுகும், சிறியதானால் சீல் பிதுங்கும். முக்கியமாக, கடைந்த கோடு தெரிகிற பிஸ்டன் சீலை அரம் போல அறுத்துவிடும். கடைசல் முடிந்ததும் கிரைண்டிங், பாலீஷ் இரண்டும் ஆக வேண்டும். அந்த வசதி அங்கே இல்லையென்றால் மட்டும் திருச்சிக்கோ கோவைக்கோ அனுப்புங்கள். முன்பக்கம் ரப்பர் மூடி உட்காரும் சின்னப் பள்ளத்தை மறந்துவிடாமல் வெட்டச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.ஸில் இன்னொரு லாபம், சாதாரண இரும்பைவிடச் சூட்டைக் குறைவாகக் கடத்தும், ஆயிலுக்குப் போகும் சூடு குறையும்.

செய்வது எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள். பேட் நான்கும் ஒரே பெட்டியிலிருந்து. ஹோஸ் இரண்டும் புதிது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர் புதிது. இரும்புக் குழாய்களில் துரு உரிந்திருந்தால், கடலோர வண்டிக்குச் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் நல்லது.

மாட்டும்போது நடக்கும் மிகச் சாதாரணமான தவறு இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டுவது. பல வண்டிகளில் போல்ட் துளை பொருந்திவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும். காற்று மேலே நிற்கும், நிப்பிள் கீழே இருக்கும். நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே அமுங்கும். கடைசியில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்வார்கள். நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும்.

முடித்ததும் பிரேக் பூஸ்டரை ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்து, பெடலைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்வம் ஹோஸைப் பாருங்கள். புது பேட் பதிய, விடிகாலையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, 60 வேகத்திலிருந்து 20-க்குப் படிப்படியாக, நடுவில் ஆறவிட்டு, பத்துப் பதினைந்து தடவை மிதமாகப் பிரேக் போடுங்கள். அதுவரை அவசர பிரேக் வேண்டாம்.

சிலிகான் ஆயில், அதாவது டாட் 5, உங்களுக்கு வேண்டாம். அது ஈரத்தைக் குடிக்காது என்பது உண்மை. ஆனால் நுழைந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. கரையாமல் துளியாகி, பள்ளமான இடத்தில் தேங்கும். பிரேக்கில் பள்ளமான இடம் காலிப்பர். அங்கேயே நின்று, அங்கேயே துருவாக்கும். மேலும் அது பழைய டாட் 3, டாட் 4 ஆயிலோடு கலக்காது, காற்றுக் குமிழைப் பிடித்து வைத்துக்கொண்டு பெடலையும் மெத்தென்று ஆக்கும். டாட் 5.1 என்பது வேறு; பெயரைப் பார்த்து மயங்கிக் கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். டாட் 4 ஊற்றுங்கள். புட்டியில் மீதியானதை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீர்கள், திறந்த புட்டியும் ஈரத்தைக் குடிக்கும். கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது ஊருக்குள் இருக்கும் வண்டிக்கு. உங்களுக்கு வருஷா வருஷம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் மாற்றிவிடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் உரித்துவிடும்.

வண்டியைப் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். துணிக் கவர் போதும். வாரம் ஒரு தடவையாவது காரைக்கால் வரை போய்வந்து, பிரேக்கை நன்றாக மிதித்துப் பிஸ்டனை அசைய விடுங்கள். கழுவிய அன்று டிஸ்க் காயும்படி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நாள் கணக்கில் நிற்கப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பின்பக்க ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வது அடுத்த கடிதத்துக்கான விஷயம்.

ஹோஸ் சோதனையைச் செய்து பார்த்து, காலிப்பரில் பதிந்திருக்கும் எழுத்து, பிஸ்டன் விட்டம், குழாய் நட்டின் மரை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சீல் கிட் எந்த அளவில் தேட வேண்டும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் பிராக்கெட் வேலைக்கு முன்பணம் கொடுத்திருந்தால், அதை எஸ்.எஸ். பிஸ்டன் கூலிக்கு வரவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.